நியூசிலாந்துப் புஷ்ஷில் நடந்துபோய் மான் வேட்டை: காற்று, காலடி, கண்

நியூசிலாந்தில் ‘புஷ்’ என்றால் புதர்க்காடு மட்டுமல்ல. பீச் மரமும் பெரணியும் கொடியும் பின்னிக்கிடக்கும் உள்நாட்டுக் காடு முழுவதற்கும் அதுதான் பெயர். பல இடங்களில் ஐம்பது மீட்டருக்கு அப்பால் பார்வை போகாது. அதற்குள் மானை நடந்தே நெருங்குவது புஷ் ஸ்டாக்கிங். மரமில்லாத மலைச்சரிவில் உட்கார்ந்து எதிர்ச்சரிவைப் பைனாகுலரால் அலசும் வேட்டையில் பழகியவர்கூட இங்கே ஆரம்பத்திலிருந்து கற்க வேண்டியிருக்கும். மான் கண்ணில் படுவது பெரும்பாலும் 20 முதல் 60 மீட்டருக்குள். அதற்குள் அது உங்களைப் பார்த்திருக்கும், கேட்டிருக்கும், இல்லையென்றால் மோப்பம் பிடித்திருக்கும். புதிதாக வருகிறவர்கள் நாள் முழுக்க அலைந்தும் ஒரு மானைக்கூடப் பார்க்காமல் திரும்பக் காரணம் அங்கே மான் இல்லாதது அல்ல. அவர்கள் நடக்கும் வேகம்தான்.

சட்டமும் அனுமதியும்

வௌவாலையும் கடற்கரை சீல்களையும் விட்டால் நியூசிலாந்துக்குச் சொந்தமான தரைவாழ் பாலூட்டி எதுவும் இல்லை. மான்கள் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. முதல் செம்மான் 1851-இல் இங்கிலாந்திலிருந்து நெல்சனுக்கு வந்தது. 1875-இல் இலங்கையிலிருந்து கடமானை, அதாவது நாம் மிளா என்று சொல்வதை, மானவாட்டுப் பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். அதன் வழிவந்தவை இன்றும் வடதீவில் இருக்கின்றன. சீக்கா மானை 1905-இல் கைமானவா மலைப்பகுதியில் விட்டார்கள். மேய்ச்சலுக்குப் பழகாத காட்டில் இளமரக்கன்றுகள் தலையெடுக்க முடியாமல் போனதால், 1930களில் அரசே சம்பளத்துக்கு ஆள் வைத்து மான்களைச் சுடத் தொடங்கியது. பொதுக் காடுகளில் மான் வேட்டைக்கு இன்றும் அனுமதி இருப்பதன் பின்னணி இதுதான். இந்தியாவில் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைச் சுடுவது குற்றம், இலங்கையிலும் சட்டம் காவல் நிற்கிறது. ஆகவே இந்தக் குறிப்பு நியூசிலாந்துக்கு மட்டும். காற்று, காலடி, தடயம் பற்றிச் சொல்வது மட்டும் கேமராவோடு போகிறவருக்கு எந்த ஊரிலும் உதவும்.

துப்பாக்கி உரிமம் 16 வயதிலிருந்து கிடைக்கும். உரிமம் இல்லாதவர், உரிமம் உள்ளவரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே துப்பாக்கியைத் தொடலாம். அதாவது அவர் கையெட்டும் தூரத்தில் கூடவே இருக்க வேண்டும். அரசுக் காட்டுக்கு இயற்கைப் பாதுகாப்புத் துறையான டாக்-இடம் (DOC) வேட்டை அனுமதி வாங்க வேண்டும். தனியார் நிலமோ மாவோரி நிலமோ என்றால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அனுமதியோடு இன்னொன்றையும் பாருங்கள். பொசம், எலி போன்றவற்றை ஒழிக்க 1080 முதலிய நச்சுகள் போடப்பட்ட பகுதிகளின் பட்டியலை டாக் வெளியிடுகிறது. எச்சரிக்கைக் காலம் முடியாத பகுதியில் சுட்ட இறைச்சியை உண்ணக்கூடாது. அரசு நிலத்தில் இரவில் விளக்கடித்துச் சுடுவதற்கு அனுமதி கிடையாது.

போகும் பள்ளத்தாக்கையும் திரும்பும் நேரத்தையும் ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பெரும்பாலான இடங்களில் கைபேசி எடுக்காது என்பதால் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் ஒன்று உடம்போடு இருக்க வேண்டும். அதைப் பையில் வைத்தால், பை ஆற்றோடு போகும்போது அதுவும் போய்விடும். மழைக்குப் பிறகு ஆறு ஏறியிருந்தால் கடக்காதீர்கள். இந்த நாட்டுக் காட்டில் பாம்பும் இல்லை, புலியும் இல்லை. ஆட்களைக் கொல்வதில் ஆற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

துப்பாக்கியும் உடுப்பும்

.308, 7 மி.மீ-08, .243 ஆகிய தோட்டா வகைகளில் எதற்கான துப்பாக்கியும் போதும். .308-க்கு 150 கிரெய்ன் எடையுள்ள மென்முனைத் தோட்டா இந்தத் தூரத்தில் நன்றாக வேலை செய்யும். குழல் 18 முதல் 20 அங்குலத்துக்குள் இருந்தால் கொடிகளுக்குள் சிக்காது. துப்பாக்கி மேல் பொருத்தும் குறிநோக்கியான ஸ்கோப்பை எப்போதும் அதன் மிகக் குறைந்த பெருக்கத்தில் வையுங்கள். ஒன்பது மடங்கில் விட்டுவிட்டு 25 மீட்டரில் மானைத் தேடினால் தெரிவது பழுப்பு மயிர் மட்டும்தான், அது தோளா தொடையா என்று சொல்ல முடியாது.

பலர் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்கோப்பின் நடு, குழலின் நடுவைவிட நாலைந்து செ.மீ. மேலே இருக்கிறது. 100 மீட்டரில் சரியாக விழும்படி குறி அமைத்த துப்பாக்கி 20 மீட்டரில் சுமார் 3 செ.மீ. கீழே அடிக்கும். மானின் நெஞ்சுக்கு அது பெரிய வித்தியாசமில்லை. ஆனால் விழுந்துகிடக்கும் மரத்தின் மேல் துப்பாக்கியைச் சாய்த்துச் சுடும்போது, ஸ்கோப்பில் வழி சுத்தமாகத் தெரியும், தோட்டாவோ முன்னாலிருக்கும் கட்டையில் போய்ச் செருகும். குழல்முனைக்கு நேரே என்ன இருக்கிறது என்பதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடுப்பு கம்பளியோ ஃப்ளீஸோ இருக்கட்டும். நைலான் மழைச்சட்டை பெரணியில் உரசும் சத்தம் காட்டில் தனியாகக் கேட்கும். காலணியின் அடிப்பகுதி மென்மையான ரப்பராக இருந்தால் கீழே கிடக்கும் குச்சி காலுக்குத் தெரியும். மேலே பளிச்சென்ற ஆரஞ்சுச் சட்டையோ தொப்பியோ அவசியம். மானுக்குச் சிவப்பும் ஆரஞ்சும் சரியாகப் பிரித்துத் தெரியாது, மனிதனுக்குத் தெரியும். இதைவிட மலிவான உயிர்க்காப்பு இல்லை.

காற்று

மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்து காற்றை மட்டும் தவறவிட்டால் அந்த நாள் வீண். மான் உங்களைப் பார்த்தால் ஒரு நிமிடம் நின்று யோசிக்கும், சத்தம் கேட்டால் காதைத் திருப்பும். மனித வாடை பட்டால் யோசிக்காமல் போய்விடும், அது போனது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. வாடையில்லாத சோப்பு, தனிப்பெட்டியில் வைத்த துணி என்று செலவு செய்கிறவர்கள் உண்டு. அந்த அக்கறையைக் காற்றுப் பார்ப்பதில் காட்டுவது மேல்.

சிறிய பிளாஸ்டிக் குப்பியில் முகப்பவுடரை நிரப்பி, மூடியில் ஊசித்துளை போட்டு, சட்டைப்பையில் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை லேசாக அழுத்தி, தூள் போகும் பக்கத்தைப் பாருங்கள். மரத்தின் உச்சி ஒரு பக்கம் ஆடும், இடுப்பளவு உயரத்தில் காற்று வேறு பக்கம் போகும். மானின் மூக்கு இருக்கும் உயரத்தில் போவதே கணக்கு.

பெரிய காற்று இல்லாத நாளில் பள்ளத்தாக்குக் காற்றுக்கு ஒரு தினப்படி ஒழுங்கு உண்டு. இரவில் குளிர்ந்த காற்று கனத்து, ஓடைவழியே கீழே வடியும். வெயில் சரிவில் விழுந்து நிலம் சூடேறும்வரை இது தொடரும். ஆகவே விடியலில் கீழிருந்து மேலே ஏறுங்கள், காற்று முகத்தில் அடிக்கும். ஒன்பது, பத்து மணிவாக்கில் காற்று திரும்பி மேலே ஏறத் தொடங்கும். அதற்குள் நீங்கள் முகட்டில் இருக்க வேண்டும். பிறகு சரிவின் குறுக்காக அல்லது மேலிருந்து கீழாகத் தேடலாம். மாலையில் சரிவின் மேல் நிழல் விழுந்ததும் காற்று மறுபடி கீழே இறங்கும். திரும்பும் அந்த அரைமணி நேரத்தில் காற்று எந்தப் பக்கமும் நிலைக்காது. நல்ல இடத்துக்குள் அப்போது நுழையாமல் உட்கார்ந்து எதையாவது சாப்பிடுங்கள். ஓடைகள் கூடும் இடம், கணவாய், பள்ளத்தின் தலைப்பகுதி ஆகிய மூன்றிலும் காற்று எப்போதும் சுழலும். அங்கே மான் இருப்பது தெரிந்தாலும் சுற்றிப்போய் வேறு பக்கத்திலிருந்துதான் வர வேண்டும்.

நடப்பதைவிட நிற்பது

புதுத்தடயம் தெரியும் இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு 100 முதல் 200 மீட்டர் போதும். இதை வாசிக்கும்போது எளிதாகத் தோன்றும், காட்டில் உடம்பு ஒத்துக்கொள்ளாது. இரண்டு அல்லது மூன்று அடி வையுங்கள், பிறகு ஒரு நிமிடம் நில்லுங்கள். நிற்கும் நேரம் நடக்கும் நேரத்தைவிடக் கூடுதலாக இருந்தால் சரியாகப் போகிறீர்கள் என்று பொருள்.

எடை பின்காலில் இருக்கும்போதே முன்காலின் வெளி விளிம்பை மெதுவாகத் தரையில் வையுங்கள். குச்சி தட்டுப்பட்டால் காலை எடுத்து வேறிடம் வைக்கலாம், எடை இன்னும் மாறவில்லையே. ஒன்றும் இல்லையென்றால் பாதத்தை உருட்டி ஊன்றுங்கள். கிளையைக் காலால் தள்ளாமல் கையால் விலக்கி, கையாலேயே திரும்ப விடுங்கள். ஏறும்போது சின்ன மரங்களைப் பிடித்து இழுக்காதீர்கள். கீழே லேசாகப் பிடித்தாலும் உச்சி பெரிதாக ஆடும், மான் அதைப் பார்க்கும். சப்பிள்ஜாக் கொடியிலோ புஷ் லாயர் முள்ளிலோ மாட்டினால் முன்னால் இழுக்காமல் ஓரடி பின்வாங்கிக் கழற்றுங்கள்.

குச்சி ஒடிந்துவிட்டால் அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். காட்டில் குச்சி ஒடிவது சகஜம், மானும் ஒடிக்கும். உடனே உறைந்து மூன்று நிமிடம் நின்றால் பெரும்பாலும் மன்னிக்கப்படும். காட்டிக்கொடுப்பது தாளம். ‘சரக், சரக், சரக்’ என்று ஒரே சீராக நடப்பது மனிதன் மட்டும்தான். கெரெரு என்கிற பெரிய காட்டுப்புறா சிறகடித்து எழும்பினாலும் அதேபோல் நின்றுவிடுங்கள்.

எங்கே நிற்பது என்பதும் முக்கியம். வெட்டவெளி நடுவில் நிற்காமல் மரத்தண்டை ஒட்டி நில்லுங்கள். மேட்டின் விளிம்பு, ஓடைத் திருப்பம், விழுந்த மரத்தின் மறுபக்கம் என்று புதுக் காட்சி எதுவும் திறப்பதற்கு ஓரடி முன்பே நின்று, தலையை மட்டும் மெல்ல நீட்டுங்கள்.

நாளும் நேரமும் இதில் உதவும். தூறலும் ஈரத்தரையும் நடக்க ஏற்றவை, காய்ந்த பீச் இலையும் உறைபனியும் எதிரிகள். மிதமான காற்று உங்கள் சத்தத்தை மூடும். புயல்காற்றில் மான்கள் பதற்றமாகவே இருக்கும், அன்று முகாமில் இருப்பது மேல். நெடுமழை விட்ட முதல் சில மணி நேரத்தில் அவை காய்வதற்கும் மேய்வதற்கும் வெளியே வரும். அந்த நேரத்தைத் தவறவிடாதீர்கள்.

முழு மானைத் தேடாதீர்கள்

புஷ்ஷில் முழு மான் தெரியாது. தெரிவது ஒரு காதின் அசைப்பு, ஈர மூக்கின் கருப்பு, பிட்டத்தின் வெளுப்பு, நான்கு குச்சிகளில் இரண்டு மட்டும் மூட்டு வைத்திருப்பது. மரங்கள் நெட்டுக்குத்தாக நிற்கும். அவற்றுக்கு நடுவே குறுக்காக ஒரு கோடு தெரிந்தால் அது விழுந்த கட்டையாக இருக்கலாம், மானின் முதுகாகவும் இருக்கலாம். அவ்வப்போது முழங்காலில் குந்துங்கள். மான் மேய்ந்த காட்டில் அதன் வாய் எட்டும் உயரம்வரை தழை குறைந்திருக்கும், கீழிருந்து பார்த்தால் அந்த இடைவெளியில் கால்கள் தெரியும்.

அடர்காட்டில் பைனாகுலர் எதற்கு என்று கேட்பவர்கள் அதைப் பயன்படுத்திப் பார்த்ததில்லை. 8x30 அளவுள்ள சின்னதை எடுத்து, குவியத்தை முதலில் 20 மீட்டருக்கும் பிறகு 30-க்கும் 40-க்கும் மெல்ல நகர்த்துங்கள். முன்னால் இருக்கும் இலைகள் மங்கிக் கரைந்து, அதற்கு அப்பால் இருப்பது தெளிவாகும். வெறுங்கண் இதைச் செய்யாது.

தடயத்தை வாசிக்கப் பழகுங்கள், ஏனென்றால் எங்கே மெதுவாகப் போவது, எங்கே விரைவது என்பதை அதுதான் சொல்லும். புதுப்புழுக்கை பளபளவென்று ஈரமாக, அழுத்தினால் நசுங்கும். பழையது மங்கி உதிரும். மழை எப்போது பெய்தது என்று தெரிந்தால் குளம்படியின் வயதும் தெரியும். விளிம்பு கூராக, உள்ளே மழைத்துளிக் குழி இல்லாமல் இருந்தால் மழைக்குப் பிந்தியது. குழியில் நிற்கும் தண்ணீர் இன்னும் கலங்கியிருந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய நேரம். பிராட்லீஃப், ஃபைவ்ஃபிங்கர், மாஹோய் ஆகிய மரங்களின் இலைகளை மான் விரும்பித் தின்னும், அவற்றில் கடித்த விளிம்பு பச்சையாக இருக்கிறதா, கருத்துவிட்டதா என்று பாருங்கள். ஹோரோபிட்டோச் செடியும் கிரௌன் பெரணியும் மட்டுமே மண்டிக்கிடந்தால், மான் பிடிக்காததை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் தின்றுவிட்டது என்பதற்கு அடையாளம்.

பருவத்தைப் பொறுத்து இடம் மாறும். வசந்தத்தில், அதாவது அக்டோபர், நவம்பரில், ஆற்றங்கரைப் புல்திட்டும் மண்சரிந்த இடங்களில் முளைத்த தளிரும் இழுக்கும். குளிர்காலத்தில் வெயில்படும் சரிவைத் தேடும். தென்னரைக்கோளத்தில் அது வடக்குப் பார்த்த சரிவு. நடுப்பகலில் கிளைமுகட்டின் நுனியிலோ சரிவின் சின்ன மேடையிலோ, முதுகுக்குப் பின்னாலிருந்து காற்று வரும்படியும் முன்னால் கீழே கண் போகும்படியும் படுத்திருக்கும்.

மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல்வரை செம்மான் இணைசேரும் காலம். ஆண் மான்கள் கர்ஜிப்பதால் இந்தப் பருவத்துக்கே ‘ரோர்’ என்று பெயர். குரலால் இடம் தெரிந்துவிடும் என்பதால் இது எளிதாகவும், அதே காரணத்தால் ஆபத்தாகவும் இருக்கிறது. பதில் கர்ஜனை கொடுக்க ஒரு பிளாஸ்டிக் குழாய் போதும், ஆனால் மற்ற வேட்டைக்காரர்களிடமும் அதே குழாய் இருக்கிறது. நீங்கள் நெருங்கிக்கொண்டிருக்கும் குரல் ஒரு மனிதனுடையதாக இருக்கலாம். கைமானவா, கவேகா மலைகளின் சீக்கா மான் வேறு சுபாவம். பக்கத்தில் நீங்கள் கடந்து போகும்வரை அசையாமல் ஒட்டிக்கிடந்து, பிறகு கூர்மையாகக் கீச்சிட்டு ஓடும். சில சமயம் ஓடிய பிறகும் நின்று திரும்பிப் பார்க்கும், உடனே துரத்தாமல் நில்லுங்கள்.

மான்தான் என்று உறுதியாகும்வரை

நிறம் மான் அல்ல, அசைவு மான் அல்ல, சத்தமும் மான் அல்ல. தலை, கழுத்து, தோள் மூன்றும் தெரிந்து, அவை ஒரே விலங்கின் உடம்பில் இணைந்திருப்பது தெரிந்தால்தான் மான். இதைப் பைனாகுலரால் பாருங்கள். ஸ்கோப்பால் பார்ப்பது என்றால் இன்னதென்று தெரியாத ஒன்றின் மேல் துப்பாக்கியை நீட்டுவது. நியூசிலாந்தில் மான் என்று நினைத்துச் சுடப்பட்டவர்களில் பெரும்பாலோர் சுட்டவரின் சொந்தக் குழுவைச் சேர்ந்தவர்கள். இருவர் போனால் ஒருவர் முன்னால் துப்பாக்கியோடு, மற்றவர் பின்னால் வெறுங்கையோடு போவது சிறந்தது. பிரிந்து போவதென்றால் நடுவே ஒரு முகடு எல்லையாக இருக்கட்டும். நண்பர் எங்கே என்பது தெரியாமல் போனால் வேட்டை அந்த நொடியே நிற்கிறது. தோட்டாவைக் கழற்றிவிட்டுக் கூப்பிடுங்கள்.

நடக்கும்போது மேகசின் என்கிற தோட்டாக்கூட்டில் தோட்டா இருக்கலாம், குழலின் பின்முனையிலுள்ள சுடும் அறையில் இருக்கக்கூடாது. தோட்டாவை அறையில் தள்ளி, அந்த அறையை மூடும் போல்ட்டை மட்டும் பாதி திறந்து வைத்து நடக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. கொடி இழுத்தோ உடம்பில் அழுத்தியோ கைப்பிடி கீழே இறங்கினால் அது சுடத் தயாரான துப்பாக்கி. மானை உறுதிசெய்த பிறகு போல்ட்டை மெல்லத் தள்ளி மூட இரண்டு நொடிதான் ஆகும்.

சுடுவதும் அதற்குப் பிறகும்

பக்கவாட்டில் நிற்கும் மானுக்கு முன்காலின் பின் ஓரத்தை ஒட்டி, உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறி வையுங்கள். இதயமும் நுரையீரலும் அங்கே. ‘புதரைத் துளைத்துப் போகும் தோட்டா’ என்று ஒன்று கிடையாது. விரல் பருமன் குச்சியும் திசையைத் திருப்பிவிடும். சுத்தமான இடைவெளி கிடைக்கும்வரை காத்திருங்கள், கிடைக்காவிட்டால் விடுங்கள்.

வெடித்ததும் அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு அசையாமல் கேளுங்கள். எந்தப் பக்கம் ஓடியது, விழுந்த சத்தம் எங்கே என்று. நீங்கள் நின்ற இடத்தில் ஒரு வண்ண நாடா கட்டுங்கள். பத்து மீட்டர் நகர்ந்ததும் எல்லா மரமும் ஒன்றுபோல் தெரியும், அந்த நாடா இல்லாமல் மான் நின்ற இடத்தை மறுபடி கணிக்க முடியாது. பதினைந்து நிமிடம் பொறுத்துப் போங்கள். நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் நுரையீரல், மான் நூறு மீட்டருக்குள் கிடக்கும். அடர்ந்த கருஞ்சிவப்பு கல்லீரலாக இருக்கலாம், ஒரு மணி நேரம் விடுங்கள். பச்சைக் கசடும் நாற்றமும் இருந்தால் குடல், சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். உடனே துரத்தினால் அது எழுந்து வெகுதூரம் போய், எங்கோ வதைபட்டுச் சாகும். ரத்தத்துளி கண்ட இடமெல்லாம் நாடா கட்டிக்கொண்டே போனால், தடம் அறுந்தாலும் திரும்பிப் பார்த்து ஓடிய திசையை ஊகிக்கலாம். சுட்ட மானைத் தேடிக் கண்டுபிடிப்பது சுட்டவரின் கடமை, அன்றைய பொழுது முழுக்க ஆனாலும்.

குடலை உடனே எடுங்கள். இரண்டு விரலைக் கத்தியின் இருபுறமும் வைத்து, கூர்ப்பக்கம் வெளியே பார்க்கும்படி வயிற்றுத்தோலைக் கிழித்தால் இரைப்பை துளைபடாது. நெஞ்சுக்கூட்டுக்குள் நிணநீர்க்கட்டிகளில் சீழ் நிறைந்த வீக்கம் தெரிந்தால் மாட்டுக் காசநோயாக இருக்கலாம், அந்த இறைச்சியை விட்டுவிடுங்கள். நிழலில் தொங்கவிட்டு ஆறவிடுங்கள். துணிப்பையில் கட்டுங்கள். பிளாஸ்டிக் பை சூட்டை உள்ளேயே பிடித்துவைத்து இறைச்சியைக் கெடுக்கும்.

சுமந்து வெளியே வரும்போதுதான் நீங்கள் மிகவும் மானைப்போல் இருப்பீர்கள்: முதுகில் பழுப்புத் தோல், தோளுக்கு மேல் கொம்பு, குனிந்த நடை. தோலையும் கொம்பையும் ஆரஞ்சுத் துணியால் முழுக்கச் சுற்றுங்கள், துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுத்துவிடுங்கள், தடத்தில் பேசிக்கொண்டே வாருங்கள். குடிலுக்கு வந்ததும் போல்ட்டைக் கழற்றித் தோட்டாவிலிருந்து தனியாக வையுங்கள்.